பனிச்சறுக்குத் தெரியாத என் மகனுக்கு

அன்புள்ள தம்பி பெத்துரு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். நேற்று ஒன்பது தரம் அடித்தேன். ஒரே ஒரு தரம் எடுத்து, "அப்பா, ஆஸ்பத்திரி வாட்டில நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தப் பிறகு இன்னும் வந்து சேரவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை. வருகிற சனிக்கிழமை, நீ கட்டிக்கொள்ளப் போகிற எலிசாவோடும், அவளுடைய அப்பாவோடும், இரண்டு அண்ணன்மாரோடும் ஒரு வாரத்துக்குப் பனிச்சறுக்கு விளையாட ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்குச் சறுக்கத் தெரியும் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் வேலை செய்கிற இத்தாலிய வீட்டு அம்மா, சிஞோரா, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். பொலிதேயாமாவில் அவருடைய குசினி மேசையில் இருந்து, அவருக்கு மருந்து கொடுத்த நேரத்தை எழுதி வைக்கிற கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவேன். வேண்டுமென்றுதான் தமிழில் எழுதுகிறேன். யாராவது உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாலும் விளங்காது. கோயில் மண்டபத்துச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அம்மா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது இன்றைக்கு உதவுகிறது. நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பதும் எனக்கு நல்லதுதான். ஆறுதலாக வாசி. ஒரு வரியையும் தாண்டிப் போகாதே.

எலிசாவின் அப்பா அந்த ஒரு வாரம் தங்க இரண்டு இடங்களில் வாடகை வீடு பார்த்து வைத்திருப்பதாக நீதான் சொன்னாய். ஒன்று பெரிய மேட்டுவெளி. அகலமான, சாய்வு குறைந்த இடம். மற்றது செங்குத்து மலை. எந்த இடம் என்று மாப்பிள்ளையே சொல்லட்டும், வியாழக்கிழமை பின்னேரம் மற்றதை விட்டுவிடலாம் என்று அந்த மனுசன் மரியாதையாக உன்னிடம் விட்டிருக்கிறார். நீ என்ன செய்தாய்? செங்குத்தைச் சொன்னாய்! எட விசரா! மேட்டுவெளியைச் சொன்னால் தெரியாதவன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, தெரியாத காலைக் கொண்டுபோய்ச் செங்குத்தில் வைக்கப் போகிறாய். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எத்தனை தரம் உனக்குச் சொல்லியிருப்பேன். ஆழம் தெரிந்துகொண்டே காலை விடுகிறவனுக்கு என்ன சொல்லலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, உன்னை ஏசி என்ன பயன். என்னில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

அந்தப் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது ஒன்பது வயது. சிஞோரா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் குடும்பத்தோடு மதோனியே மலைக்குப் பனி பார்க்கப் போனபோது நம் மூவரையும் கூட்டிக்கொண்டு போனார். உண்மையில் பாத்திரம் தூக்கவும் சாப்பாடு சூடாக்கவும்தான் நாம் போனோம். சிஞோராவின் மகன், இன்றைக்கு அவக்காத்தோவாக, அதுதான் வக்கீலாக, இருக்கிறவர், தன் பழைய சிவப்பு ஜாக்கெட்டையும் சறுக்குப் பலகைகளையும் உனக்குப் போட்டுவிட்டார். பலகையில் ஏறின உடனே நீ பின்பக்கமாக விழுந்தாய். திரும்ப விழுந்தாய். அழத் தொடங்கினாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மாவைப் பனியில் முழங்காலில் இருத்தி, உன் இடுப்பைப் பின்னாலிருந்து பிடிக்கச் சொன்னேன். ஜாக்கெட் பெரிதாக இருந்ததால் அவளுடைய கைகள் அதற்குள் மறைந்துவிட்டன. கார் நிறுத்துகிற இடம் தெரியாதபடி நானும் பனியில் படுத்துக்கொண்டு படம் எடுத்தேன். "சிரி, தம்பி, சிரி" என்று கத்தினேன். நீ சிரித்தாய். அம்மாவின் பாவாடை நனைந்து, வீட்டுக்கு வரும்வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அல்பெர்கேரியாவில் இருக்கிற நம் வீட்டுச் சுவரில் மாட்டினேன். மன்னாருக்கு உன் மாமிக்கு அனுப்பினேன், கனடாவுக்குப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். 'ஒவ்வொரு வருசமும் போறவன்' என்று எழுதினேன். ஒரு பொய்தானே, பனியில் எழுதினது போலக் கரைந்துவிடும் என்று நினைத்தேன். பெரியப்பா தன் பிள்ளைகளை ஐஸ் ஹொக்கிக்கு விடுவதாக எழுதினால், நான் உன்னைப் பெரிய மலைக்கு ஏற்றினேன். அவர் நீச்சலில் கப் என்று எழுதினால், நான் உனக்குச் சறுக்கலில் பதக்கம் கொடுத்தேன். இந்த வெட்கங்கெட்ட போட்டி எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் வருசக்கணக்காக நடந்தது. அவர் சொன்னதிலும் எவ்வளவு உண்மை என்று மடு மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

இதிலே மிகக் கேவலமானது ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது உன் வகுப்பை ஒரு வாரம் பனிச்சறுக்கு பழக வடக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். ஆசிரியர் இருப்பார், பழக்குகிறவர் இருப்பார், எல்லாம் பள்ளிக்கூடமே பார்க்கும். நீ அந்தத் தாளைக் கொண்டுவந்து நான் சாப்பிடும்போது பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தாய். நான் கையெழுத்துப் போடவில்லை. "கால் முறிஞ்சால் ஆர் உன்னைப் பாக்கிறது? அம்மா பகேரியாவில வேலை, நான் இஞ்சை வேலை. பேசாமல் இரு" என்றேன். நீ மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வாரம், போகாத இன்னும் இரண்டு பிள்ளைகளோடு உன்னை வேறு வகுப்பில் இருத்தினார்களாம். அம்மாவிடம்தான் சொன்னாயாம். அந்த வாரத்திலும் நான் பெரியப்பாவுக்குப் போன் எடுத்து, மகன் ஸ்கீ பழகப் போய்விட்டான் என்று சொன்னேன். நீ பக்கத்து அறையில் இருந்தாய். கேட்டிருப்பாய். கேட்டாயா? இத்தனை வருசமாக அதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு நீ அவர்களோடு சிரித்துக்கொண்டு மலை ஏறுவாய். நானே தடுத்த ஒன்றை வைத்துத்தான் நானே பெருமை அடித்தேன். என்னைப் போல ஒரு மடையனை நீ எங்கேயும் காணமாட்டாய்.

பிறகு எலிசாவின் அப்பாவும் அம்மாவும் நம் வீடு பார்க்க வந்த நாள். அம்மா இரண்டு நாள் நின்று ரோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் செய்தாள். எலிசாவின் அம்மா நன்றாகச் சாப்பிட்டுச் சிரித்துக் கதைத்தார். அந்த மனுசன் மட்டும் எங்கள் சின்னக் கதிரையில் முழங்கால் இரண்டையும் ஒடுக்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம் வாய் திறக்கவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். அவ்வளவுதான். அவர் நல்ல மனுசனாக இருக்கலாம், கதைக்கத் தெரியாதவராக இருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான். வீடு துடைக்கிறவனுடைய மகனுக்கா என் பெண்ணைக் கொடுக்கிறேன் என்று யோசிக்கிறார். அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்தார். முகம் முழுக்க வெளிச்சம். எழும்பிப் போய்ப் படத்துக்குக் கிட்ட நின்றார். "சறுக்குவானா?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். சின்னதிலிருந்தே என்றேன். கறுப்புச் சரிவிலுமா என்று கேட்டார். கறுப்பு என்றால் என்ன என்று கூட எனக்குத் தெரியாது. "எல்லாம்!" என்றேன்.

நீ கோப்பித் தட்டோடு குசினி வாசலில் நின்றாய். என்னைப் பார்த்தாய். அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் உன்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும், அதை மறைக்கமாட்டேன்: வெளியாட்களுக்கு முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்காதே என்ற பார்வை. நீ தட்டை வைத்துவிட்டு, "கொஞ்சம்தான்" என்றாய். அவன் அடக்கமான பிள்ளை என்று அதையும் நான் கெடுத்தேன். அந்த மனுசன் எழும்பி வந்து உன் தோளில் தட்டினார். அன்றைக்கு இரவே கலியாணம் நிச்சயமாயிற்று என்று நான் சந்தோசப்பட்டேன். ஐயோ, தம்பி.

புதன்கிழமை. நேற்று சிஞோரா எழும்பிக் கூப்பிட்டதால் அதோடு நிறுத்திவிட்டேன்.

இன்று காலையில் அவக்காத்தோ தாயைப் பார்க்க வந்தார். நிலம் துடைக்கிற தடியைச் சுவரில் சாத்திவிட்டு, தெரியாத ஒருவன் சறுக்கப் போவதென்றால் எப்படிப்பட்ட இடம் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். உனக்கு என்று சொல்லவில்லை. ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். நீலச் சரிவு லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மலையின் பெயரைப் பார்க்காதே, வரைபடத்தில் நீலக் கோடு எவ்வளவு நீளம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார் என்றார். மலையடியிலோ மேட்டிலோ அகலமான பழகு வெளி இருக்கவேண்டும். ஏறுவதற்குக் கம்பியில் தொங்குகிற வில்லங்கம் இல்லாமல், கால் வைத்து நின்றால் தானாக மேலே கொண்டுபோகிற நகரும் கம்பளம் இருக்கவேண்டும். பழக்குகிற ஆள் இருக்கவேண்டும், அதுவும் முதல்நாள் காலையிலேயே. சொந்தக்காரனிடமோ காதலியிடமோ பழகக்கூடாதாம், இரண்டும் சண்டையில் முடியுமாம். வெயில் படுகிற பக்கம் நல்லது. நிழல் பக்கம் பின்னேரத்தில் ஐஸ் கட்டிவிடும். எல்லாவற்றிலும் முக்கியம், களைத்துப்போனால் சறுக்காமலே கீழே வர வழி இருக்கவேண்டும்.

இதையெல்லாம் அவர் கீறி முடித்ததும், அந்த இரண்டு இடத்தின் பெயரையும் சொன்னேன். மேட்டுவெளிக்குத் தலையாட்டினார். தெரியாதவன் அங்கே பழகலாம், தெரிந்தவர்கள் பக்கத்து மலைக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றாகச் சேரலாம், ஒருவருக்கும் குறை இல்லை என்றார். மற்றதைச் சொன்னதும் பேனையை வைத்துவிட்டார். அங்கே நீலம் என்று போட்டிருப்பதே ஒடுக்கமான பாதை, ஒரு பக்கம் பள்ளம், கீழே ஊருக்கு வருகிற வழி சிவப்பு என்றார். பிறகு தன் இடது காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்திக் காட்டினார். நீளமான தையல் அடையாளம். அவர் சின்ன வயதிலிருந்து சறுக்குகிறவர். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இங்கே போகப்போவது யானை கூட இல்லை, என் பிள்ளை. நீ ஆஸ்பத்திரியில் நின்று வேலை செய்கிறவன். நோயாளியைத் தூக்கித் திருப்புகிறவன். முழங்கால் போனால் எதை வைத்து வேலை செய்வாய்?

அந்தச் செங்குத்து மலையைப் போனில் நேரடியாகக் காட்டுகிறார்கள், உனக்குத் தெரியுமா? கமெராவை மேலே பூட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று நாளாக நான் அதைத்தான் பார்க்கிறேன். பஸ்ஸில், பலாரோ சந்தையில் மரக்கறி வாங்க நிற்கும்போது, சிஞோராவின் சூப் கொதிக்கும்போது. எறும்பு மாதிரி ஆட்கள் மேலிருந்து வருகிறார்கள். இன்று ஒருவன் விழுந்தான். எழும்பவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். எழுபதுவரை எண்ணினேன், படம் மாறிவிட்டது. அவன் யாரோ, எந்தத் தாய் பெற்றதோ தெரியாது. சூப் அடிப்பிடித்துவிட்டது.

என் பயத்தை நேற்று இரவு அம்மாவிடம் சொன்னேன். பகேரியாவிலிருந்து வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "நீங்கள் சொன்ன பொய்தானே, நீங்களே போய்ச் சறுக்குங்கோ" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் அழுதாள். "அந்தாளுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கோவன்" என்றாள். என்னால் ஏலாது என்றேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார், கலியாணம் குழம்பிவிட்டால் என்ன செய்வது என்றேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நீயே எனக்குப் போன் எடுத்தாய். நாம் கதைத்ததை உள்ளபடி எழுதுகிறேன், ஏனென்றால் நீ சொன்னதை நீயே ஒருதரம் எழுத்தில் பார்க்கவேண்டும்.

"அப்பா, யூடியூப்பில எல்லாம் பாத்திட்டன். முதல்நாள் எப்பிடியாவது சமாளிப்பன். ரெண்டாம் நாள் முழங்கால் நோகுது எண்டு சொல்லிப் படுத்திடுவன்."

"முதல்நாளே உன்னைக் கறுப்பில ஏத்தினால்?"

"அண்ணன்மார் அப்பிடித்தான் பிளான் பண்ணியிருக்கினம். என்னை வரவேற்கிறாங்களாம்."

"மாதாவே! தம்பி, உண்மையைச் சொல்லிவிடு. எலிசாவிட்டையாவது சொல்லு."

"ஏலாது அப்பா."

"ஏன் ஏலாது? அவள் உன்னை விட்டிட்டுப் போயிடுவாளோ?"

"அவள் ஒண்டும் சொல்லமாட்டாள். அவளின்ர அப்பா உங்களைப் பொய்யன் எண்டு நினைப்பார். அது எனக்கு வேண்டாம். விடுங்கோ, நான் பாத்துக்கொள்ளுவன்."

போனை வைத்த பிறகு சிஞோராவின் குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். இத்தனை நாளும் நீ உன் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்தக் கூத்து ஆடுகிறாய் என்று நினைத்து உன்னை ஏசிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்திலும் ஏசியிருக்கிறேன், அதை வெட்டமாட்டேன், அப்படியே கிடக்கட்டும். நீ காப்பாற்றியது என் மானத்தை. என்னுடைய ஒரு சொல்லுக்காக உன் முதுகெலும்பைப் பணயம் வைக்கப் போகிறாய். இப்படி ஒரு பிள்ளையை நான் எப்படி வளர்த்தேன் என்று பெருமைப்படவேண்டும் போலவும் இருக்கிறது, இப்படியா ஒரு பிள்ளையை வளர்ப்பது என்று தலையில் அடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருக்கிறது. அப்பாவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாதே என்று உன்னைப் பழக்கினேன். அடித்தும் பழக்கினேன். அது இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை, மத்தியானம்.

எலிசாவின் அப்பாவுக்குப் போன் எடுத்துவிட்டேன். அவர் இன்றைக்குப் பின்னேரம் வீட்டை உறுதி செய்துவிடுவார் என்பதால் காலையிலேயே எடுத்தேன். சிஞோராவின் பல்கனியில் நின்றுதான் கதைத்தேன். சொல்லவேண்டியதை இத்தாலியனில் தாளில் எழுதி வைத்திருந்தேன், அவர் ஹலோ என்றதும் தாளில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. வாய்க்கு வந்தபடி சொன்னேன். "அந்தப் படம் பொய். என் மனைவி பின்னால் முழங்காலில் இருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். என் மகனுக்குச் சறுக்கத் தெரியாது, ஒரு அடிகூடத் தெரியாது. நான் உங்களிடம் பொய் சொன்னேன். தயவுசெய்து அவனைச் செங்குத்து மலைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்."

லைன் வெட்டுப்பட்டதோ என்று பார்த்தேன். பிறகு கேட்டார்: "அவன் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"என்னை வெட்கப்படுத்தக்கூடாது என்று" என்றேன்.

கீழே தெருவில் யாரோ கார் ஹோர்னை அமத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். "விளங்கியது" என்றார். வைத்துவிட்டார். கோபத்தில் சொன்னாரா, எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. எந்த வீட்டை வைத்திருப்பார் என்றும் தெரியாது. கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "நல்லது செய்திட்டியள்" என்றாள்.

உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டாய். ஒருவேளை எலிசா அழுவாள், அண்ணன்மார் சிரிப்பார்கள், இது என்ன பொய்க்காரக் குடும்பம் என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். எனக்காக நீ ஒரு சாட்டும் சொல்லாதே. அப்பாவுக்கு இத்தாலியன் சரியாக வராது, மாறி விளங்கியிருப்பார் என்று பூசி மெழுகாதே. அது உனக்குக் கைவந்த கலை, பெத்துருவே. அவர் இன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால், "உன் அப்பா என்னிடம் பொய் சொன்னாரா?" என்று கேட்கலாம். தலையைக் குனியாதே. நீ பிறந்ததிலிருந்து எனக்கு எதிராக ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது அந்த ஒரு சொல்லை எனக்காகச் சொல். ஓம் என்று சொல்.

அப்பா